கரிசல் நாட்டில் இசைக் கொடை

இசை கற்பதற்கு முதற்கண் வேண்டுவன நல்ல குரலும் நல்ல செவியும் என்பர். ஆயினும் ஏழைக் குடியிற் பிறந்த சிறுவனொருவன் இசை கற்கப் புகுங்கால் அவனை எதிர்ப்பட்டுத் தடுப்பது பெரும்பாலும் சோற்றுக் கவலையே. நாள்தோறும் இரண்டு நாழிகை சாதகம் செய்ய வேண்டுமாயின், அவ்விரண்டு நாழிகையும் அவன் ஆடு மேய்த்தலினின்றும் பருத்தி எடுத்தலினின்றும் விடுபட்டிருத்தல் வேண்டும். அவன் கொண்டுவரும் கூலியின்றி அவன் வீட்டில் அடுப்பெரிதலும் வேண்டும். ஆகலின், கட்டணம் வாங்காது கற்பித்தல் இசைக் கொடையின் ஒரு கூறேயாகும். கற்பான் உண்ண வேண்டும். கற்பிப்பான் வாழ வேண்டும். கற்குமிடத்தின் வாயில் யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். கற்றபின் பாடுதற்கு ஓரிடமும் வேண்டும். இந்நான்கும் ஒருங்கு வாய்ந்தவிடத்து இசை தழைத்தது. ஒன்று குறைந்தவிடத்து அது சிலருடைய உடைமையாய்ச் சுருங்கிற்று. இவ்வுண்மையைத் தமிழ்நாட்டு வரலாறு, சிறப்பாக விளாத்திகுளத்தைச் சூழ்ந்த கரிசல் நாட்டின் வரலாறு, தெளிவுறக் காட்டும்.

விளாத்திகுளம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் வைப்பாற்றங்கரையில் உள்ளதோர் ஊர். அதற்கு மேற்கே எட்டயபுரமும், அதற்கும் மேற்கே கோவில்பட்டியும், அதனையடுத்துக் கழுகுமலையும் உள்ளன. மண் கரியது, மழை வானத்தைப் பார்த்திருப்பது. பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயுமே குடிகளின் விளைபொருள். வடகிழக்குப் பருவமழை தவறிய ஆண்டில் குடியானவன் கடன்படுவான். கூலியாள் ஊர்விட்டு ஊர் பெயர்வான். காவிரியின் நீர்வளமும் அந்நீர்வளத்தால் நிறைந்த கோயில் நிபந்தங்களும் இந்நிலத்திற்கு வாய்த்தில. இங்ஙனமாயினும் தென்னாட்டு இசை வரலாற்றில் இந்நிலத்தின் பெயர் பலவிடத்தும் தோன்றுதல் வியத்தற்குரியது. அதனை ஆராயுமுன், இசைக் கொடையென்பது நிறைவுற்றிருந்த நிலை யாதென அறிதல் நலம்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராச சோழனது 29-ஆம் ஆட்சியாண்டு வரையிற் செய்யப்பெற்ற ஏற்பாட்டைக் கூறும் கல்வெட்டொன்று உண்டு. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கு 48 பிடாரர்களும், அவர்களுடன் உடுக்கை வாசிப்பான் ஒருவனும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனுமாக 50 பேர் அங்கு அமர்த்தப்பெற்றனர். அவருள் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பெற்றது. ஒரு குறுணி எட்டு நாழியாதலின், முக்குறுணி 24 நாழியாகும். இஃது ஒருவருடைய பசியை மாற்றுதற்கு மட்டும் அளந்த அளவன்று. ஒரு குடும்பம் கவலையின்றி வாழ்தற்கு அளந்த அளவு. பாடுவாருடைய பெயர்கள் பலவும் சிவதீட்சை பெற்றார்க்குரிய பெயர்களாதலும் கருதற்பாலது. அவருள் ஒருவர் இறப்பினும் நாடுவிட்டுப் போயினும், அவருடைய நெருங்கிய உறவினர் அப்பணியை ஏற்க வேண்டுமென்றும், அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடையார் வேறொருவரை அமர்த்த வேண்டுமென்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது.

இவ்விதியை ஊன்றி நோக்கின் இரண்டு செய்திகள் புலனாகும். ஒன்று, அரசன் பாட்டைப் போற்றியதோடு அமையாது, பாட்டு அறாது வருதற்கு வேண்டிய வழியையும் வகுத்தனன் என்பது. தனக்குப் பின் அந்நெல்லும் அப்பணியும் மகனுக்கோ மருகனுக்கோ வரும் என்று அறிந்த ஓதுவார் அவனுக்கு இளமையிலேயே பண்ணைக் கற்பியாது விடார். கட்டணமில்லாத இசைப் பள்ளியொன்று ஒவ்வொரு பிடாரர் வீட்டிலும் இங்ஙனம் தானே அமைந்தது. மற்றொன்று, அப்பள்ளியின் வாயில் உறவினர்க்கே முதலில் திறந்தது என்பது. தகுதி இரண்டாம் இடத்தில் வைக்கப்பெற்றது. உணவும் பாடும் இடமும் நிறைவாக அமைந்த அவ்வேற்பாட்டில் வாயில் மட்டும் ஒடுங்கியிருந்தது.

ஒடுங்கிய வாயிலை அகலத் திறந்த சான்றும் அக்காலத்தே உண்டு. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் சோழர் காலத்துக் கல்வெட்டொன்று, திருப்பதியம் பாடுதற்குக் கண்பார்வையற்றார் 16 பேரையும், அவர்க்கு வழிகாட்டுதற்கு இருவரையும் அமர்த்திய செய்தியைக் கூறும். பார்வையற்றார்க்குச் சோறிட்டு ஒருபுறம் இருத்துதல் எளிதிற் செய்யத்தக்க அறம். அவ்வாறன்றி அவர்க்குப் பண்ணைப் பயிற்றிச் சந்நிதியிற் பாடும் உரிமையையும் வாழ்வையும் அளித்ததும், அவர் தடுமாறாது வந்து செல்லத் துணையாட்களுக்கும் ஊதியம் வகுத்ததும் ஆழ்ந்து எண்ணிச் செய்த அறமாகும். வழிகாட்டுவார் இருவர்க்கு அளந்த நெல்லும் இசைக்கு அளந்த நெல்லேயாம் என்று அக்கொடையாளர் அறிந்திருந்தனர்.

சைவ மரபு தானே இவ்வாயிலைப் பற்றிக் கூறுவது யாது? பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு இதற்கு விடையளிக்கின்றது. அவர் எருக்கத்தம்புலியூரிற் பாணர் குலத்திற் பிறந்தவர். அக்கால வழக்கின்படி கோயிலுக்குள் புகும் உரிமை அக்குலத்தார்க்கு இல்லை. மதுரையில் அவர் யாழ் நனையாதிருத்தற்கு இறைவன் பொற்பலகை இடுவித்ததும், திருவாரூரில் அவர் புகுதற்கு வடதிசையில் வேறொரு வாயில் வகுத்ததும் சேக்கிழார் பாடிய செய்திகள். திருச்சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்கர், சம்பந்தப் பெருமானுடைய பணிப்பின்படி, பாணர்க்கும் அவர் மனைவியார்க்கும் தம் இல்லத்து வேதிகையின் பக்கத்தே தங்க இடமளித்தனர். திருமுறை கண்ட புராணம் இதனினும் ஒரு படி மேற்சென்று, தேவாரத் திருமுறைகள் தில்லையில் வெளிப்பட்ட பின்னர் அவற்றின் பண்கள் அறியப்படாதிருந்தன என்றும், யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே அப்பண்கள் வகுக்கப்பெற்றன என்றும் கூறும். நம்பியாண்டார் நம்பியின் காலத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர் வேறுபடினும், இம்மரபுரையின் கருத்து ஐயத்திற்கு இடமின்றி விளங்குகின்றது. ஏடுகள் அரசனாற் கிடைத்தன. இசையோ வாயிலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட குடியொன்றிற் பிறந்த பெண்ணிடமிருந்தே கிடைத்தது. ஆகவே, ஏழை எளியோரின் பிள்ளைகளுக்குப் பண் கற்பித்தலைச் சைவர் புதிதாய் ஈயும் ஈகையெனக் கொள்ளுதல் பொருந்தாது. அஃது அவரிடமிருந்து பெற்றதனை அவர்க்கு மீட்டளித்தலேயாகும்.

இனிக் கரிசல் நாட்டை நோக்குதல் தகும். அங்கே இசைக்கு முதலில் உறைவிடம் அளித்தது எட்டயபுரம் சமஸ்தானம். முத்துசுவாமி தீட்சிதருடைய தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் அவ்வரண்மனையின் ஆஸ்தான வித்துவானாக விளங்கினார். பிடிலைத் தென்னாட்டு இசைக்கு இயைத்த முன்னோருள் அவர் ஒருவர். முத்துசுவாமி தீட்சிதரும் தம் இறுதி நாட்களில் எட்டயபுரம் சேர்ந்து, 1835-ஆம் ஆண்டு அங்கேயே சிவபதம் அடைந்தார். அவருடைய சமாதி இன்றும் அவ்வூரில் உள்ளது. பாலுசுவாமி தீட்சிதருடைய மகள் வயிற்றுப் பேரரும் அவருக்குத் தத்துப்பிள்ளையாய் அமைந்தவருமாகிய சுப்பராம தீட்சிதர் 1839-ஆம் ஆண்டு பிறந்து, 1906-ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, அம்மரபின் முழுச் செல்வத்தையும் தம்மிடத்தே காத்தனர்.

அச்செல்வம் வெளிப்பட்ட வரலாறு இக்கட்டுரைக்கு மிகவும் இயைபுடையது. அக்கால வித்துவான்கள் அரிய உருப்படிகளைத் தம் மக்களுக்கும் மனமொத்த மாணாக்கர்க்குமன்றிப் பிறர்க்கு எளிதில் உரையார். அம்மறைவை நீக்க முற்பட்டவர் சென்னை அரசாங்கச் செயலகத்திற் பணியாற்றிய சின்னசாமி முதலியார். அவர் சமயத்தாற் கிறித்தவர். தென்னாட்டு இசை எழுத்திற் பதியாது அழிந்துவிடுமோ என்று கவன்று, தம் பொருளையும் உடல்நலத்தையும் அப்பணிக்கே செலவிட்டவர். தம் கண்ணொளி குன்றிவந்த காலத்து, சுப்பராம தீட்சிதரிடம் உள்ளவற்றை அச்சேற்றுதல் வேண்டுமென எட்டயபுரம் அரசரிடம் வேண்டிக்கொண்டார். அவ்வேண்டுகோளின் பயனாகச் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூல் 1904-ஆம் ஆண்டு எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சுக்கூடத்தில் வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதருடைய கீர்த்தனங்கள் 200-க்கு மேற்பட்டன அதனுட் சுரக்குறியோடு அமைந்துள்ளன. தொடக்க மாணாக்கர்க்கென ‘பிரதமாப்பியாச புஸ்தகம்’ என்னும் சிறுநூலையும் சுப்பராம தீட்சிதர் 1905-ஆம் ஆண்டு இயற்றி வெளியிட்டனர். தம் குடும்பத்தின் முதலாகக் காக்கத்தக்கதனை எழுத்தறிந்தார் யாவர்க்கும் ஈந்த இச்செயல், கட்டணமின்றி ஆயிரவர்க்குக் கற்பித்ததனை ஒக்கும்.

எனினும் இக்கொடையும் ஒரு குறையுடைத்து. அந்நூல் தெலுங்கு எழுத்திற் பதிப்பிக்கப்பெற்றது. சென்னை மியூசிக் அகாதமி அதனைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது 1961-ஆம் ஆண்டிலேதான். எட்டயபுரத்து அச்சுக்கூடத்திலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவில் வாழ்ந்த கரிசற் காட்டுச் சிறுவனுக்கு, தன் ஊர்ப்பக்கத்தே அச்சான அந்நூல் அரை நூற்றாண்டிற்கு மேலாகத் தமிழிற் கிட்டவில்லை. மேலும், நூல் ஆசிரியனுக்குத் துணையாவதன்றி அவனுக்கு மாற்றாகாது. பசிக்கு மருந்தும் ஆகாது.

பசிக்கு மருந்தோடு இசையை ஊட்டிய பெருமை இப்பக்கத்தே பிறந்த மற்றொருவர்க்கு உரியது. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்களை இயற்றியவர். அவர் 1918-ஆம் ஆண்டு மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யை நிறுவினார். அதிற் சேர்ந்தோர் சிறுவர்கள்; பெரும்பாலும் வறிய குடும்பத்தினர். சபையிலேயே அவர்க்கு உணவும் உறையுளும் அமைந்தன. பாட்டும் தாளமும் தமிழும் நாள்தோறும் கற்பிக்கப்பெற்றன. டி. கே. சண்முகம் அச்சபையிற் சேர்ந்தபோது அவருக்கு அகவை ஆறு. பிற்காலத்து அவரும் அவர் உடன்பிறந்தாரும் தமிழ் நாடகத்தைத் தாங்கி நின்றமை யாவரும் அறிந்தது. பள்ளிக் கட்டணம் செலுத்தவியலாத எண்ணிறந்த சிறுவர்க்கு அந்நாளில் இத்தகைய பாலர் சபைகளே இசைக் கல்லூரிகளாயின.

ஆயினும் அவற்றின் இயல்பை நடுநின்று ஆராய்தல் வேண்டும். பாலர் சபையில் உண்ட சோற்றுக்குச் சிறுவனது குரல் விலையாயிற்று. இரவு முழுதும் நாடகம், பகலிற் பாடம், தவறினால் அடி. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த சிறுவன் முன்போற் பாடவியலாது கலங்குவான். அவனுக்கு இனி என்ன வேடம், இனிச் சபையில் இடமுண்டோ என்ற அச்சம் அவனை வாட்டும். இசையைக் கற்பித்த இடமே, இசை போனபோது அவனைக் கைவிடவும் கூடும். தஞ்சைக் கல்வெட்டில் உள்ள நிலைபேறு இங்கே இல்லை. ஆனால் அக்கல்வெட்டில் இல்லாத அகன்ற வாயில் இங்கே உண்டு. பல குலத்துச் சிறுவர்களும் ஒரு பந்தியில் உண்டு ஒரு பாட்டைப் பாடினர். இவ்விரண்டையும் ஒருங்கு சேர்த்தல் எங்ஙனம் என்பதே அறிஞர் எண்ணத்தக்கது.

விளாத்திகுளம் என்னும் பெயரை இசையுலகில் நிலைநாட்டியவர் நல்லப்ப சுவாமிகள். காடல்குடி ஜமீன் மரபினராகிய அவர் 1889-ஆம் ஆண்டு தோன்றி, 1965-ஆம் ஆண்டு மறைந்தனர். விளாத்திகுளம் சுவாமிகள் என்றே யாவராலும் அழைக்கப்பெற்றனர். இராக ஆலாபனையில், சிறப்பாகக் கரகரப்பிரியாவை நெடும்பொழுது விரித்துப் பாடுதலில் அவர் ஒப்பற்றவர் என்பது கேட்டாருடைய கூற்று. கரிசல் நாட்டு எழுத்தாளர்களாகிய கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அவர் இசையில் ஈடுபட்டவர்கள். காருகுறிச்சியில் 1921-ஆம் ஆண்டு பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் நாதசுரம் பயின்று, கோவில்பட்டியில் வாழ்ந்து, 1964-ஆம் ஆண்டு மறைந்த காருகுறிச்சி அருணாசலமும் சுவாமிகளிடத்துப் பெருமதிப்பு உடையவராயிருந்தார். இவர் வாழ்வினின்றும் அறியக்கிடப்பது ஒன்று. பெரியோர் ஒருவர் ஊரில் இருந்து பாட, அதனைப் பொருள் கொடாது கேட்கும் வாய்ப்பு ஊரார்க்கு அமையுமாயின், அங்கே செவிகள் பண்படும். திருவிழாவில் நாதசுரக்காரர் விடியுமட்டும் வாசிக்க, வயலிலிருந்து வந்த உழவன் மண்தரையில் அமர்ந்து இராகத்தின் அடையாளம் கூறினான் எனின், அவன் படித்த பள்ளி அத்தெருவேயாம்.

அத்தெரு யாவர்க்கும் பொதுவாயினும் கோயிலின் உட்புறம் நெடுங்காலம் அவ்வாறிருந்திலது. ஓதுவார் தேவாரம் பாடுவது சந்நிதியில். சந்நிதிக்குள் விடப்பெறாத குடியிற் பிறந்த குழந்தை அப்பாட்டைக் கற்றல் யாங்ஙனம், கேட்டல்தான் யாங்ஙனம்? மதுரை மீனாட்சியம்மை கோயிலில் 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் வழிபடப் புகுந்ததும், அதனையொட்டிச் சட்டம் இயற்றப்பெற்றதும், 1947-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணமெங்கும் கோயில்களைத் திறந்ததும், சமுதாய வரலாற்றிற்கு மட்டுமன்றி இசை வரலாற்றிற்கும் உரிய நிகழ்ச்சிகளாம். திருவாரூரில் யாழ்ப்பாணர்க்கு வடவாயில் திறந்த செய்தியைப் புராணத்திற் படித்து உருகியோர் பலர். அவ்வாயில் நாடெங்கும் திறக்கப் பன்னூறாண்டுகள் சென்றன.

அதே காலத்திற் பாடுதற்கு இடந்தேடிய முயற்சியும் எழுந்தது. ராஜா அண்ணாமலை செட்டியார் 1929-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்தில் இசைக்கு இடமளித்தார். 1943-ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தேவார இசை மரபிற் பிறந்த எம். எம். தண்டபாணி தேசிகர் அப்பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை ஏற்றனர். தமிழ்ப் பாட்டு அரங்கிற்கு உரியதென்னும் எண்ணம் வலுப்பெற்றதனால், தமிழன்றி வேறு மொழியறியாத ஏழை மாணாக்கனும் தான் கற்ற பாட்டைத் தலைநிமிர்ந்து பாடலாயினன்.

பிறநாட்டு வரலாறும் இந்நான்கு உறுப்புக்களின் இன்றியமையாமையை வலியுறுத்தும். இத்தாலி நாட்டு வெனிசு நகரிற் பியெத்தா என்னும் அநாதை விடுதியில் வளர்ந்த பெண்கள், விடுதியின் செலவிலேயே இசை பயின்று ஐரோப்பா முழுதும் புகழ் பெற்றனர். பெரும் புலவராகிய விவால்தி 1703-ஆம் ஆண்டு அங்கே ஆசிரியராய்ச் சேர்ந்தார். அண்மைக் காலத்தில், தென்னமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டில் ஓசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் 1975-ஆம் ஆண்டு தொடங்கிய இயக்கம், ஏழைச் சேரிகளின் சிறுவர்க்குக் கருவியும் ஆசிரியரும் கட்டணமின்றி அளித்தது. ஆங்குச் சிறுவன் தனியே கற்றுத் தனியே நில்லாமல், முதலிலிருந்தே பலரோடு கூடி வாசிக்கும் குழுவில் அமர்கின்றான். கற்றபின் பாடுமிடம் எங்கேயென அவன் தேட வேண்டுவதில்லை, கற்குமிடமே பாடுமிடம். கூட்டு வழிபாட்டில் திருமுறை ஓதிவரும் சைவர்க்கு இம்முறை புதுமையன்று.

இன்று தமிழ்நாட்டில் உள்ள ஏற்பாடுகளும் அறியத்தக்கன. அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் 17 உள்ளன. அவற்றுள் ஒன்று தூத்துக்குடியில் உள்ளது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்பன மூன்றாண்டுக் காலம் பயிற்றப்பெறும் துறைகள். கட்டணம் சிறிது, உதவித்தொகையும் உண்டு. தேவாரத்திற்கும் நாதசுரத்திற்கும் தவிலுக்கும் தமிழ் எழுதப் படிக்க அறிந்தாற் போதும். இந்து சமய அறநிலையத் துறையைச் சார்ந்த ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளில் உணவும் உறையுளும் உதவித்தொகையும் அளிக்கப்பெறுகின்றன. பழனி தேவஸ்தானம் நாதசுரமும் தவிலும் கற்பித்து வருகின்றது. சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் 2021-ஆம் ஆண்டு பெண்ணொருவர் ஓதுவாராய் அமர்த்தப்பெற்றார். பாணர் குலப் பெண் பண் வகுத்ததாகப் போற்றிய மரபு, பெண்ணுக்குரிய இடத்தைச் சந்நிதியிற் காணுதற்கு இத்துணைக் காலம் வேண்டியிருந்தது.

ஆயினும் இப்பள்ளிகளெல்லாம் நகரங்களிலேயே உள்ளன. விளாத்திகுளத்தைச் சூழ்ந்த சிற்றூரிலிருந்து மாவட்டத் தலைநகர்க்கு நாள்தோறும் சென்று மீளுதல் சிறுவர்க்கு எளிதன்று. சிறுமியர்க்கு அதனினும் அரிது. இதற்கு வேண்டிய பொருளின் ஒரு பகுதி கோயில்களிலேயே முன்னரே உள்ளது. அரசு 2002-ஆம் ஆண்டு தொடங்கிய அன்னதானத் திட்டத்தாற் கோயில்கள் பலவற்றில் நண்பகல் உணவு அளிக்கப்பெறுகின்றது. சோறு உள்ளவிடத்தே பண்ணும் இருத்தல் கூடாதோ? கோவில்பட்டிப் பூவனநாதர் திருமுன்னும் கழுகுமலை முருகன் அடிவாரத்தும், கரிசல் நாட்டின் பிற கோயில்களிலும், பள்ளி விடுமுறை நாட்களில் ஓதுவார் ஒருவர் அமர்ந்து, வந்த பிள்ளைகளுக்குப் பெயரும் குலமும் வினவாது ஒரு பதிகத்தைப் பண்ணோடு கற்பித்து, உணவளித்து, மாலை வழிபாட்டில் அவர்களையே பாடவிடுதல் பெரும்பொருள் வேண்டாத செயல். வேண்டுவது அவ்வோதுவார்க்குத் தவறாது அளக்கப்படும் ஊதியமே. தஞ்சை மன்னன் முக்குறுணியை முதலில் எழுதுவித்தமையின் கருத்தும் அதுவே.

இசைக் கொடையென்று கூறி ஆசிரியரைப் பட்டினியிருத்துதலும், மாணாக்கனைக் கற்பித்தபின் தெருவில் நிறுத்துதலும், வாயிலை ஒரு சாரார்க்கு அடைத்தலும் முன்னர் நிகழ்ந்த பிழைகள். அவை மீண்டும் நிகழாவாறு காத்தல் சைவ நன்மக்களுக்கும் திருமடங்களுக்கும் கோயிற் புரவலர்க்கும் உரிய கடன். மழை பொய்க்கும் ஆண்டிலும் கரிசல் மண் தன்னுள் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பருத்தியைக் காக்கும். அந்நாட்டுப் பிள்ளைகளின் செவியும் அத்தகையதே என்பதற்கு மேற்கூறிய வரலாறே சான்று. விதைப்பார் வேண்டும்.